கண் பார்த்த பிறகே கத்தரி

அந்த ஊர்ச் சலூன்காரர் யாருக்கு முடி வெட்டுவதானாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, மேல் விளக்கைப் போட்டுவிட்டு, எதிரே உள்ள கண்ணாடி வழியாக இரண்டு கண்களையும் உற்றுப் பார்ப்பார். நடுவில் இருக்கும் கண்பாப்பா மிளகளவு இருந்தால் கத்தரியை எடுப்பார். சட்டைப் பித்தான் அளவுக்கு விரிந்திருந்தால் துணியை உருவி மடித்து வைத்துவிட்டு, ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். எவ்வளவு பெரிய மனிதர் கெஞ்சினாலும் மசியமாட்டார். ‘கண் பார்த்த பிறகே கத்தரி’ என்று கடைக் கதவில் பலகையே தொங்கியது.

எல்லாம் காளானால் வந்தது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் மாதங்களில், ஊருக்கு மேலே உள்ள மேய்ச்சல் நிலத்தில், மாட்டுச் சாணத்தின் மேல் ஒரு மெலிந்த காளான் முளைக்கும். ஊர்க்காரர்கள் அதைக் காலால் எத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைத் தின்றால் சுவர் மூச்சு விடும், மரம் பேசும், செத்துப்போன அப்பா வந்து தோளில் கை போடுவார் என்று யாரோ எங்கோ எழுதிவைக்க, முதலில் முதுகில் மூட்டையோடு நாலைந்து பேர் வந்தார்கள். அப்புறம் வேன் வேனாக வந்தார்கள். ஊர் அவர்களுக்கு மிதப்புக்காரர்கள் என்று பெயர் வைத்தது. ‘பாலத்துகிட்ட ரெண்டு மிதப்பு நின்னு தண்ணியோட பேசிட்டிருக்கு, ஒரு கண்ணு வச்சுக்கங்க’ என்று போகிற போக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போவார்கள். சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டால் ஊர்க் காவலர் வானத்தைப் பார்த்து, இன்றைக்கும் மழை வரும்போல என்பார்.

வந்தவர்களால் ஊருக்கு நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. ஓட்டு வீடுகளுக்குத் தளம் வந்தது, தளத்தின் மேல் மாடி வந்தது, மாடியில் வாடகை அறை வந்தது. வாடகை ஏறிய ஏற்றத்தில் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இருவர் குடியிருக்க வீடு கிடைக்காமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். சின்ன மருத்துவமனையின் கட்டில்களில் காய்ச்சல் குழந்தைகளுக்குப் பதிலாக, “நான் செத்துட்டேனா, உண்மையைச் சொல்லுங்க” என்று செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் பெரியவர்கள் படுத்திருந்தார்கள். கண்ட கண்ட ஆட்கள் வந்து கட்டிப்பிடித்ததில் மாடுகள் மிரண்டு பால் குறைந்தது. மாட்டுக்காரர்கள் முதலில் கோபப்பட்டு வேலி போட்டார்கள். பிறகு வேலியில் ஒரு வாசல் வைத்தார்கள். பிறகு வாசலில் ஆளை உட்கார வைத்து நுழைவுச்சீட்டுக் கிழித்தார்கள்.

சலூன்காரருக்கு அவர்கள் மேல் கோபம் கிடையாது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பிரியமே உண்டு. ஒரு பெண் அவருடைய சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு, இது அழகாகப் பாடுகிறது என்றாள். அந்தச் சீப்பை அவளுக்கே கொடுத்துவிட்டார். ஆனால் முதல் பருவத்தில் ஒரு பொறியாளர் வந்து உட்கார்ந்து, புருவம் இரண்டும் தன் முகத்தில் ஏறிக்கொண்ட பூச்சிகள் என்றும் உடனே எடுத்துவிட வேண்டும் என்றும் மன்றாட, வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வதுதானே தொழில் என்று அவரும் எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அந்த மனிதர் தெளிந்து வந்து கண்ணாடியைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார். அந்த வாரம் அவர் தங்கைக்குக் கல்யாணமாம். சலூன்காரர் மகளின் மைப் பென்சிலை வாங்கி வந்து புருவம் வரைந்துவிட்டு, வியர்த்தால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்குப் போட்ட விதிதான் கண் பார்ப்பது.

நல்ல விதி என்பதால் ஊர் முழுக்கப் பரவியது. ஆணி முதல் ஏணி வரை விற்கும் ஆணிக்கடைக்காரர் பாப்பா விரிந்தவர்களுக்கு ஏணி கொடுப்பதில்லை. மாட்டுக்காரர்கள் அவர்களுக்கு மாடு விற்பதில்லை. ஒருவர் வாங்கிய பசுவைக் காரின் பின்சீட்டில் ஏற்றப் பார்த்த கதை ஊரறிந்தது. சந்தேகம் வந்தால் ஆளை சலூனுக்கு அழைத்து வருவார்கள். சலூன்காரர் விளக்கைப் போட்டு, பார்த்து, தலையை இப்படியோ அப்படியோ ஆட்டுவார். அதற்கு மேல் மேல்முறையீடு இல்லை.

மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? சாக்குச் சொல்வார்கள். தூசி விழுந்துவிட்டது, ராத்திரி தூங்கவில்லை, எங்கள் குடும்பத்திலேயே எல்லோருக்கும் கண் பெரிசு. இவற்றில் எல்லாம் தலையாயது, கண் டாக்டர் மருந்து விட்டார் என்பது. அதை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, பருவத்துக்குப் பருவம் வருகிறவர்கள் எல்லாம் மனப்பாடமாக அதையே ஒப்பித்தார்கள். ஊரில் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. யாராவது வேலைக்குத் தாமதமாக வந்தால், “என்ன, கண்ணுக்கு மருந்து விட்டுட்டாங்களா?” என்பார்கள்.

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை மாலை, பள்ளிக்கூட வண்டி ஓட்டும் நிதானம் சலூன் படியேறினான்.

நிதானம் என்பது அவனுக்குக் குழந்தைகள் வைத்த பெயர். வளைவுக்கு வளைவு அடித்துத் திருப்பும் ஓட்டுநர்களுக்கு நடுவில், ஒரு கோழி குறுக்கே வந்தாலும் நின்று அது யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பவன். போன பருவத்தில் ஒரு ஜீப் ஓட்டுநர், மிதப்புக்காரர்கள் அன்பாக நீட்டிய காளான் போட்ட தேநீரை மறுக்க முடியாமல் குடித்துவிட்டு ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கித் தோளெலும்பை முறித்துக்கொண்ட பிறகு, காளான் பக்கம் போனதாகத் தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு என்று பள்ளிக்கூடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. அதைப் பற்றிக் கவலையே படாத ஒரே ஓட்டுநர் அவன்தான்.

சலூன்காரரின் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. தினமும் அந்த வண்டியில்தான் போய் வந்தாள். இருவருக்கும் நடுவில் விஷயம் இருப்பது சலூன்காரருக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தவன், சில மாதங்களாக எந்த முறையும் வைக்காமல், “முடி வெட்டணும்”, “வெயில் ஜாஸ்தி” என்று சுவரோடு பேசுவதுபோலப் பேசத் தொடங்கியிருந்தான். பெண்ணைக் கட்ட நினைக்கிறவன் அவள் அப்பாவை அண்ணே என்று எப்படிக் கூப்பிடுவான்? மனைவி போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். அவரும் தெரியாததுபோல இருந்தார். உள்ளுக்குள் அவருக்குப் பரம திருப்தி. வருகிற சனிக்கிழமை அவன் தன் அம்மாவோடு வீட்டுக்கு வருவதாக மகள் சொன்னபோது, “எதுக்கு?” என்று கேட்டு வைத்தார். கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டார்.

அதற்காகத்தான் முடி வெட்ட வந்திருக்கிறான் என்பதும் புரிந்தது. பெஞ்சில் ஆணிக்கடைக்காரர் சவரத்துக்காகக் காத்திருந்தார். சலூன்காரர் நாற்காலியைத் தட்டி உட்காரச் சொல்லி, துணியைப் போர்த்தி, வழக்கம்போல விளக்கைப் போட்டார். நிதானம் சட்டென்று கண்ணை இடுக்கினான்.

“கண்ணைத் தொற.”

திறந்தான். கண்பாப்பா இரண்டும் பித்தான் அளவுக்கு, விளிம்பில் ஒரு நூல் மட்டும் பழுப்பு நிறம் மிச்சமாக, கன்னங்கரேலென்று விரிந்திருந்தன. சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தது போதாமல் சுற்றி வந்து நேராகவும் பார்த்தார்.

“என்னப்பா இது?”

“கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்து விட்டாங்க.”

பெஞ்சில் ஆணிக்கடைக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். பிறகு ஆணிக்கடைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சலூன்காரர் சிரிக்கவில்லை. துணியை உருவினார், மடித்தார், ஈரத் துண்டை எடுத்து அவன் முகத்தை மற்றவர்களுக்குத் துடைப்பதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே துடைத்தார்.

“நாளைக்கு வா” என்றார்.

அவன் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூட எடுத்தான். அவர் வேறு பக்கம் திரும்பிக் கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டார். தீட்டத் தேவையே இல்லாத கத்தி.

இருட்டுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. நிதானமே நிதானம் தப்பிவிட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் தலைமையாசிரியை அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நியாயமான பெண்மணி, கத்தவில்லை. கொஞ்ச நாளாக மாலை மங்கலில் தூரத்து எழுத்து கலங்கலாகத் தெரிந்ததால் கண் பரிசோதனைக்குப் போனதாகவும், ஓட்டுநர் தன் கண் சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் பெற்றோர்கள் பயப்படுவார்களே என்று, அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு யாரிடமும் காரணம் சொல்லாமல் போனதாகவும் அவன் சொன்னான். சீட்டையும் காட்டினான். சீட்டில் நேரம் காலை என்றிருந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாய், சரி, திரும்பி வந்த பிறகு மேய்ச்சல் நிலத்துக்கு ஏறிப் போக நேரம் இருந்ததே, சலூனில் உட்கார்ந்தது மாலையில்தானே என்று கேட்டார் தலைமையாசிரியை. மருந்தின் வேலை அவ்வளவு நேரம் நிற்கும் என்று அவன் சொன்னதை அவர் நம்ப நினைத்தார். ஆனால் வாசலில் பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சலூன்காரரே சொல்லிவிட்டார், அதுவும் மாப்பிள்ளை ஆகப்போகிறவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்றால் அதில் பொய் இருக்குமா என்பதுதான் அவர்கள் கட்சி. வண்டிச் சாவி ஒரு ஜீப்காரரிடம் போனது.

அன்றைக்கு மகள் அப்பாவிடம் சண்டை போடவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்த சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் கேட்டது. அவர் பாதிச் சோற்றில் இருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒண்ணு கேக்குறேன். மருந்து விட்ட கண்ணை நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

“எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்.”

“கேட்டதைக் கேக்கல. பாத்திருக்கீங்களா?”

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். யோசித்துப் பார்த்தார். வந்த ஒவ்வொருவனும் மருந்து மருந்து என்றானே தவிர, உண்மையாகவே மருந்து விட்டுக்கொண்டு வந்த ஒரு ஆள் கூட அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. ஊரில் கண் ஆஸ்பத்திரி கிடையாது. கண் மங்கியவர்கள் அடிவார நகரத்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டோடு போய்விடுவார்கள்.

“இல்லம்மா” என்றார்.

“அப்போ எதை வச்சுச் சொன்னீங்க?”

அவள் எழுந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். கோபமாக இருக்கும்போதும் தண்ணீர் ஊற்ற மறக்காத பெண். அவள் அம்மாவும் அப்படித்தான்.

“நான் இப்ப போய் மாத்திச் சொன்னா, பொண்ணுக்காகச் சொல்றான்னுதானே பேசுவாங்க” என்றார்.

“ஆமா. சொல்லாதீங்க. போய்ப் பாத்துட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் சலூன்காரர் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். நிதானமும் அங்கே நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிக்கடையில் அன்றைக்குத்தான் கண்ணாடி தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். மகள்தான் இருவரையும் ஒரே பேருந்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று இருவருக்கும் புரிந்தது. ஒரே இருக்கையில், நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பேருந்து ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் நிதானத்தின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. இதைக் கவனித்த சலூன்காரருக்கு மனசு இளகிவிட்டது.

“ஏம்பா, அன்னிக்கு நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே” என்றார்.

“திட்டினா அதையும் காளான்னு சொல்லியிருப்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. நடுவில் இருந்த இடம் கொஞ்சம் குறைந்தது.

கண் ஆஸ்பத்திரியில் கூட்டம் சுவரோரமாக வரிசை நாற்காலிகளில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தது. சலூன்காரர் எதிர் வரிசையைப் பார்த்தார். பாட்டிமார்கள், கடைக்காரர்கள், ஒரு பள்ளிக்கூடப் பெண், ஒரு காவலர். ஒவ்வொருவர் கண்ணிலும் பித்தான் பித்தானாகக் கறுப்பு வட்டம். அவருடைய கணக்குப்படி அந்த வரிசையில் ஒருவருக்குக்கூட முடி வெட்ட முடியாது. அவர் மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அவர் தொழில்காரர். அடுத்தவர் கண்ணில் பார்த்தது போதாது, தன் கண்ணிலேயே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வயதும் ஆகிவிட்டது, பரிசோதித்துக்கொண்டால் தப்பில்லை என்று பெயரைப் பதிந்தார். முறை வந்தபோது செவிலியர் அவர் முகத்தை நிமிர்த்தி இடது கண்ணில் சொட்டு விட்டார். எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கண்ணில் விட்டார். சலூன்காரர் பையிலிருந்து தன் கைக்கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கண்பாப்பா மிளகாக இருந்தது பட்டாணியாகி, பட்டாணி பித்தானாகி, விளிம்பில் ஒரு நூல் நிறம் மட்டும் மிஞ்சி நின்றது. புதன்கிழமை மாலை நாற்காலியில் பார்த்த அதே கண், இப்போது அவர் முகத்திலேயே இருந்தது.

செவிலியர் வலது கண்ணுக்கு வந்தார். சலூன்காரர் கையால் மறைத்துக்கொண்டார்.

“போதும்மா. இது ஒண்ணு போதும்.”

“ரெண்டு கண்ணையும் பாக்கணுங்க. ஒண்ணை மட்டும் பாத்து என்ன பண்றது?”

“இன்னொரு கண்ணை அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுறேன். இப்ப இதை இப்படியே ஊருக்குக் கொண்டுபோகணும். காளான் தின்னா ரெண்டு கண்ணும் சேந்துதான் விரியும். ஒண்ணு மட்டும் விரிஞ்சு நான் பாத்ததில்ல.”

செவிலியருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கதை முழுவதையும் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒற்றைக் கண்ணை மட்டும் பரிசோதித்து, சாயங்காலம்வரை இப்படித்தான் இருக்கும், சில பேருக்கு ராத்திரிவரைகூட நிற்கும், கண்ணில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வெளியே வந்தபோது நகரம் அவருக்குப் பாதி தண்ணீரில் நனைந்த படம் மாதிரி தெரிந்தது. வெயில் ஒவ்வொரு கண்ணாடி ஜன்னலிலிருந்தும் முடி முடியாகக் கிளம்பியது. சிவப்பு விளக்கைச் சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். சாலையைக் கடக்காமல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பார்க்கத்தான் மிதப்புக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வருகிறார்களோ என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடிக்கடையில் நிதானம் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவின் மறுகோடியில் இருந்த பெயர்ப்பலகையை வாய்விட்டுப் படித்தான். பேருந்தில் ஏறும்போது சலூன்காரர் படியைத் தவறவிட்டார்.

“மாமா, படி” என்று கையைப் பிடித்தான் அவன். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. சலூன்காரர் காதில் விழாததுபோல ஏறி உட்கார்ந்தார், இந்த முறை இடம் விடாமல்.

ஊர் வந்து இறங்கியதும் டீக்கடைக்காரி பார்த்துவிட்டாள். நிறுத்தத்தில் தள்ளாடுகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பது அவள் எடுத்துக்கொண்ட பொறுப்பு. கடையில் அதற்கென்றே ஒரு கம்பளியும் ஒரு செம்புத் தண்ணீரும் இருக்கும். அவள் நின்றது அவருடைய இடது பக்கம். முகத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, நீங்களுமா?”

“கண்ணுக்கு மருந்து விட்டாங்கம்மா” என்றார் சலூன்காரர். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

“ஆமாண்ணே, மருந்துதான். யாரு இல்லேன்னா? உக்காருங்க, உக்காருங்க” என்று அவள் ரொம்ப அன்பாகச் சொல்லி, அவர் மேல் கம்பளியைப் போர்த்தி, தலையைத் தடவினாள். “ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். என் குரலைக் கேட்டுட்டே இருங்க.”

இத்தனை வருஷமாக இந்த ஊர் வந்தவர்களையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது அவருக்குக் கம்பளிக்குள்ளிருந்து தெரிந்தது. கோபப்பட முடியவில்லை. முகத்தை மெதுவாக மறுபக்கம் திருப்பி வலது கண்ணைக் காட்டினார். டீக்கடைக்காரி குனிந்து பார்த்தாள். முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மறுபடி அந்தப் பக்கம். செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“இது என்னண்ணே கூத்து?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள போகணும். வெயில் கண்ணைக் குத்துது. கொஞ்சம் கூட வா.”

அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு, கம்பளியை அவர் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நிதானம் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் பின்னாலேயே வந்தார்கள். சலூன்காரரே மிதக்கிறார் என்றால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்?

தலைமையாசிரியை தன் அறையில் மேஜை விளக்கைத் திருப்பி வைத்து, ஒரு கண்ணைப் பார்த்து, அடுத்த கண்ணைப் பார்த்து, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சலூன்காரர் அதுவரை யோசித்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு இருக்கிறதைச் சொன்னார். மருந்துக்கும் காளானுக்கும் பாப்பா ஒரே மாதிரிதான் விரிகிறது. எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தெரியாது. அந்தப் பையன் அன்றைக்குச் சொன்னது உண்மை, நான் சொன்னதுதான் தப்பு.

தலைமையாசிரியை விளக்கை அணைத்தார். அப்படியென்றால் இனிமேல் ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. உண்மையான கவலை இருந்தது. அவர் பொறுப்பில் அத்தனை குழந்தைகள் இருந்தார்கள்.

“பக்கத்துல உக்காந்து பேசித்தான் பாக்கணும் மேடம். நேரமாகும்” என்றார் சலூன்காரர். “நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.”

“என்கிட்ட சொன்னது போதாதுங்க. வாசல்ல பெத்தவங்க நிக்கிறாங்க. அவங்ககிட்டயும் சொல்லிடுங்க” என்றார் தலைமையாசிரியை.

மணி அடித்து வகுப்புகள் விட்டிருந்தன. வாசலில் ஒன்றாம் வகுப்பை வரிசையாக நிறுத்திக்கொண்டு மகள் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்தவள் நின்றுவிட்டாள். சலூன்காரர் வெயிலில் போய் நின்று, இடது கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“புதன்கிழமை நான் தப்பாப் பாத்துட்டேன். பையன் மேல தப்பு இல்ல. சந்தேகம்னா வந்து என் கண்ணைப் பாருங்க.”

வந்து பார்த்தார்கள். ஒருவர் விடாமல் பார்த்தார்கள். சில பேர் கையால் ஒரு கண்ணை மூடி மற்றதைப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு எட்டவில்லை என்பதால் அவர் முழங்காலிட்டு உட்கார வேண்டியிருந்தது. ஒரு சின்னப் பெண், பெரிய கண்ணில் தன் முகம் பெரிசாகத் தெரிகிறதா என்று நெடுநேரம் தேடினாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஆணிக்கடைக்காரருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

“அப்போ போன வருஷம் என் மச்சானைத் திருப்பி அனுப்பினீங்களே, அதுவும் மருந்துதானா?”

“அவன் காளான்தான்” என்றார் சலூன்காரர் முழங்காலிட்டபடியே.

“அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“கண்ணாடியில இருக்கிற தன்னையே பாத்து, நீங்க எந்த ஊருன்னு கேட்டான்.”

கூட்டம் சிரித்தது. ஆணிக்கடைக்காரரும் சிரித்துவிட்டு, நிதானத்தின் பக்கம் வந்து, அன்றைக்குச் சிரித்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார். அவன் தலையாட்டினான். புதுக் கண்ணாடியில் அவன் முகம் குழந்தைகளுக்கு வேறு யாரோ மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் காட்டும்படி அவனைப் படுத்தி எடுத்தார்கள்.

ஜீப்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்து சாவியை நீட்டினார்.

“பிடிப்பா. ரெண்டு நாளா இதுங்க எல்லாம் சேந்து, மெதுவா போ மெதுவா போன்னு என் காதைத் தின்னுடுச்சுங்க.”

நிதானம் சாவியை வாங்காமல் தலைமையாசிரியையைப் பார்த்தான். அவர் பெற்றோர்களைப் பார்த்தார். பெற்றோர்களில் ஒரு அம்மா தன் பிள்ளையின் பையை வாங்கி, வண்டியின் முன்சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அவன் சாவியை வாங்கிக்கொண்டான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், டயரைத் தட்டிப் பார்த்தான், முன்கண்ணாடியைத் துடைத்தான், உள்ளே ஏறி இருக்கையைத் தன் உயரத்துக்கு நகர்த்திக்கொண்டான்.

மகள் கடைசிக் குழந்தையை ஏற்றிவிட்டு அப்பாவிடம் வந்தாள். தன் துப்பட்டாவின் நுனியால் அவர் இடது கண்ணில் வழிந்த நீரைத் துடைத்தாள்.

“நேரா வீட்டுக்குப் போங்க. கடையைத் தொறக்காதீங்க. கிட்டத்துல எதுவும் தெரியாது, யாரு காதையாவது வெட்டிடப் போறீங்க.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாங்க?” என்று கேட்டார் சலூன்காரர்.

“யாரு?”

“யாருன்னா? அவனும் அவங்க அம்மாவும்.”

அவள் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. வாசலைத் தாண்டி, சாலையில் இறங்கி, முதல் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து திரும்பியது. சலூன்காரருக்கு அது மஞ்சளாக ஒரு பெரிய ஒளிவட்டம் நகர்வதுபோலத் தெரிந்தது. டீக்கடைக்காரி கம்பளியை அவர் தோளில் சரியாகப் போர்த்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரு கல் இருக்கிறது, இந்தப் பக்கம் வாங்க என்று சொல்லிக்கொண்டே வர, அவர் அவள் சொன்ன பக்கமெல்லாம் நடந்தார்.